தலைவர் போன நாள்

பாண்டிச்சேரி நெல்லித்தோப்பில் வெறும் கிறிஸ்துதாஸ் என்று கேட்டால் நாலு வீட்டைக் காட்டுவார்கள். 'தேதி' கிறிஸ்துதாஸ் என்று கேட்டால் ஆட்டோக்காரரே வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். மில்லில் நூல் சுற்றிய மனிதர். மில்லை மூடிய பிறகு அவருக்கு மிஞ்சியது ரசிகர் மன்றச் செயலாளர் என்ற பெயரும், பெரிய மனிதர்கள் பிறந்த நாள் இறந்த நாளையெல்லாம் நாக்கு நுனியில் வைத்திருக்கும் ஞாபகமும்தான். டீக்கடையில் யாராவது காமராஜர் பேச்சை எடுத்தால் போதும், "காந்தி பொறந்த அன்னிக்குத்தான்டா அவரு போனாரு" என்று ஆரம்பித்துவிடுவார்.

வருஷம் முழுக்க அவர் காத்திருந்தது ஒரே ஒரு தேதிக்கு. டிசம்பர் இருபத்துநான்கு. தலைவர் சிலைக்கு மாலை போட்டு முடிந்ததும் மைக் அவர் கைக்கு வந்துவிடும்.

"பெரியார் கண்ண மூடுனது எழுபத்திமூணு, டிசம்பர் இருபத்திநாலு. எங்க புரட்சித்தலைவர் கண்ண மூடுனது எம்பத்தேழு, அதே டிசம்பர் இருபத்திநாலு. சாமியே இல்லன்னவரும் அன்னிக்குத்தான் போனாரு. சனங்க சாமியா கும்புட்டவரும் அன்னிக்குத்தான் போனாரு. மூணாவதா ஒரு எடம் காலியா கெடக்கு. அது இந்தக் கிறிஸ்துதாசுக்கு!"

கூட்டம் விசிலடிக்கும். அவர் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு இறங்குவார்.

மகன் லூர்துபிரகாஷ் அந்த விசிலைக் கேட்டே வளர்ந்தவன். இப்போது நாற்பது தாண்டிவிட்டான். கேபிள் டிவி தொழில் படுத்த பிறகு வீடுகளுக்கு இன்டர்நெட் இழுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். தலைவர் பேரைச் சொல்லி இன்றைக்கு எத்தனையோ கட்சிகள். அதில் ஒன்றில் பத்து வருஷமாகக் கொடி கட்டுவதும் நாற்காலி போடுவதுமாக இருந்தான். தொகுதிச் செயலாளர் பதவி காலியாகப் போகிறது என்று பேச்சு அடிபட்டது. அதற்கு அவனைவிட வசதியானவர்கள் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள்.

டிசம்பர் இருபதாம் தேதி காலையில் வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏணியில் நின்றது பிரகாஷ். கீழே ஒயரைப் பிடித்துக்கொண்டிருந்த கிறிஸ்துதாஸ் அப்படியே படியில் உட்கார்ந்தார். "ரோசா, கை வரல பாரு" என்றார். அவருடைய மனைவி ரோசா அடுப்பங்கரையிலிருந்து ஓடி வருவதற்குள் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அதற்குமேல் அவர் பேசவில்லை.

பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் மத்தியானம் டாக்டரம்மா பிரகாஷையும் அவன் தங்கை ரூபியையும் அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார். ரூபியை ரெட்டியார்பாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்; பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

"மூளைக்குள்ள ரத்தக்குழாய் வெடிச்சிருக்கு. எழுபத்தாறு வயசு. ஆபரேஷன் பண்ணி பிரயோசனம் இல்ல. இப்ப மெஷின்தான் மூச்சு விடுது" என்றார் டாக்டர். "வீட்டுல வெச்சுதான் போகணும்னு நிறைய பேர் ஆசைப்படுவாங்க. நீங்க சொன்னா நாளைக்கே அனுப்புறேன். நர்ஸ் கூட வந்து டியூப எடுத்துடுவாங்க. அரை மணி நேரம், மிஞ்சிப்போனா ஒரு மணி நேரம்."

ரூபி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். வெளியே வந்ததும் சொன்னாள், "நாளைக்கே கூட்டிட்டுப் போயிடலாம்ணா. பங்குச் சாமியார்கிட்ட பேசிட்டேன். இருபத்திமூணுன்னா அடக்கப் பூசை வெச்சிடலாம்னாரு. பண்டிகை அன்னிக்கு அந்தப் பூசை கெடையாதாம்."

"சரி, பாக்கலாம்" என்றான் பிரகாஷ்.

அந்த யோசனை அவனுடையது என்று சொல்ல முடியாது. கேன்டீனில் டீ குடிக்கும்போது செம்மல்தான் முதலில் வாயைத் திறந்தான். செம்மல் கட்சியில் அவனுக்குக் கீழே இருப்பவன், பேனர் கட்டுவதிலிருந்து பட்டாசு வெடிப்பது வரை எல்லாம் அவன்தான். "இன்னும் மூணு நாளுண்ணே" என்றான், டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு. "உங்க நைனா ஊரறியச் சொன்னது. தலைவர் நாள்ல போவணும்னு. இழுத்துப் புடிச்சா ஆயிடும்."

"வாய மூடு."

"மதிவாணன் அண்ணனே கேட்டாருண்ணே. தேதி கிறிஸ்துதாஸ் எப்பிடி இருக்காருன்னு."

மதிவாணன் கட்சியில் பெரிய தலை. பதவியை யாருக்குக் கொடுப்பது என்பது அவர் வாயில் இருந்தது. பிரகாஷ் டீயைக் குடித்து முடிக்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே போய் நின்று அவருக்கு போன் செய்தான். நைனா பிழைக்க மாட்டார் என்று சொன்னான். வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள் என்று சொன்னான். கொஞ்சம் நிறுத்தி, எப்போது என்பது நம் கையில்தான் இருக்கிறது என்றும் சொன்னான்.

 மதிவாணன், "இருபத்திநாலுன்னா சிலைக்கு மாலை போட்டுட்டு நேரா உன் வீட்டுக்கு வரேன். மொத்தக் கட்சியும் வரும். வருஷா வருஷம் தலைவரோட சேத்து உங்கப்பாவுக்கும் அஞ்சலி" என்றார்.

பிரகாஷ் திரும்பவும் டாக்டர் அறைக்குப் போனான். "மேடம், எனக்கு ஒரு தம்பி இருக்கான். ஜெஸ்டின். பிரான்ஸ்ல இருக்கான். அவன் வந்து முகம் பாக்கணும். இருபத்திநாலு காலையில கூட்டிட்டுப் போறமே" என்றான். பாண்டிச்சேரியில் வீட்டுக்கு ஒரு பிரான்ஸ்காரன் உண்டு. டாக்டர் மறுகேள்வி கேட்கவில்லை. ரூபியிடம் போய், இரண்டு நாள் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்வதாகச் சொன்னான். அவள் முகத்தில் சின்னதாக ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தான். 

நைனாவின் ஆசை. அதைத்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கேட்டவர்கள் ஒருவர் இருவரா? ஊரே கேட்டது.

அந்த இரண்டு நாளில் கிறிஸ்துதாசின் உடம்பு அவருடையதாக இல்லாமல் போனது. வாயில் குழாயை ஒட்டியிருந்த பிளாஸ்திரி உதட்டோரத்தைக் கிழித்தது. நாக்கு வீங்கி வெளியே வந்தது. கால் விரல்கள் கறுத்தன. சளியை உறிஞ்ச நர்ஸ் குழாய்க்குள் இன்னொரு குழாயை விட்டபோது பிரகாஷ் பக்கத்தில் இருந்தான். ஒன்றும் தெரியாது என்று சொல்லப்பட்ட அந்த உடம்பு கட்டிலிலிருந்து எழும்பி விழுந்தது. இடது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது.

"அவருக்கு வலிக்குதா சிஸ்டர்?"

"தெரியாது சார். சிலருக்கு இப்பிடி வரும்."

அவன் வெளியே வராந்தாவுக்கு வந்துவிட்டான். அடுத்த முறை நர்ஸ் உள்ளே போனபோது செல்போனில் செம்மல் அனுப்பிய பேனர் மாதிரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் தலைவர் தொப்பியும் கண்ணாடியுமாக. இன்னொரு பக்கம் நைனா, இரண்டு விரலைத் தூக்கியபடி.

இருபத்துமூன்றாம் தேதி சாயங்காலம் ரூபி பார்க்க வந்தாள். உள்ளே போனவள் உடனே வெளியே வந்தாள். பிரகாஷின் கையைப் பிடித்து மாடிப்படிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஜெஸ்டின் யாரு?"

அம்மா பக்கத்தில் இருக்கிறாளா என்று அவன் வராந்தாவைத் திரும்பிப் பார்த்தான்.

"ஜெஸ்டின் சார் ஃபிளைட் ஏறிட்டாரான்னு அந்த நர்ஸ் பொண்ணு என்னைக் கேக்குது. எனக்குத் தெரியாம எங்கம்மா எப்பண்ணா இன்னொரு புள்ள பெத்துது?"

"ரூபி, கத்தாத."

"டாக்டர் ரெண்டு நாள் பாக்கலாம்னு சொன்னதா என்கிட்ட சொன்ன. நான் ரெண்டு நாளா ஜெபமாலையக் கையில வெச்சிக்கிட்டு இருக்கேன்ணா. பொழைச்சிடுவாருன்னு."

"நைனா ஆசைடி. உனக்குத் தெரியாதா? தலைவர் நாள்ல போவணும்னு எத்தன வருஷமா சொன்னாரு?"

ரூபி அவனையே பார்த்தாள். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டாள். "அவர் நாக்கப் பாத்தியா?" என்றாள். "வெளிய தள்ளிக் காஞ்சி போய்க் கெடக்குது. பஞ்ச எடுத்துத் தண்ணியில நனைச்சி வெக்கறதுக்குக்கூட உனக்குத் தோணல."

"இன்னும் ஒரு ராத்திரி. காலையில கூட்டிட்டுப் போயிடலாம். அம்மாகிட்ட சொல்லாத."

அவள் டாக்டரிடம் போயிருக்கலாம். போகவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா இதைக் கேட்டால் தாங்க மாட்டாள் என்று நினைத்தாள். பின்னால் அதற்காகவும் அழுதாள்.

இருபத்துநான்காம் தேதி காலையில் ஆம்புலன்ஸ் வீட்டு வாசலில் நின்றது. நர்ஸ் ஒருத்தி பலூன் மாதிரி ஒரு பையை அமுக்கிக்கொண்டே கூட இறங்கினாள். கூடத்தில் கட்டில் போட்டிருந்தது. மூலையில் ரூபியின் பிள்ளைகள் பாதி வைத்து விட்டுவிட்ட கிறிஸ்துமஸ் குடில். வைக்கோல் மட்டும் இருந்தது, சுரூப பொம்மைகள் இன்னும் பெட்டிக்குள். சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் எண்ணெயை நெற்றியில் தொட்டு அவஸ்தை பூசினார். அன்றைக்கு அவருக்கு ஆயிரம் வேலை, உடனே கிளம்பிவிட்டார். நர்ஸ் பிளாஸ்திரியை உரித்தாள். குழாயை உருவினாள். கிறிஸ்துதாஸ் ஒரு முறை கமறினார். மார்பு அப்படியே நின்றது.

"ஏசுவே" என்றாள் ரோசா.

பிரகாஷ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். அப்போது மார்பு திரும்பவும் ஏறியது. கொறட்டை மாதிரி ஒரு சத்தம், கல்லில் எதையோ இழுப்பது போல. நின்றது. மறுபடி ஏறியது.

அரை மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. நர்ஸ் நாடியைப் பிடித்துப் பார்த்து, "இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு ஆம்புலன்சோடு போய்விட்டாள். அந்தச் சத்தம் மட்டும் வீட்டுக்குள் இருந்தது.

செம்மலுக்கு யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. காலையிலேயே தெருமுனையில் பேனரைக் கட்டிவிட்டான். அதைப் பார்த்துவிட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மில்லில் கூட வேலை செய்த ராமலிங்கம் ரோஜா மாலையோடு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் போய், மாலையைத் தூக்கிய கையோடு நின்றுவிட்டார். கிறிஸ்துதாசின் வாயிலிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது. ராமலிங்கம் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்து வெளியே போனார்.

அடுத்த வீடு சொல்தா வீடு; பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிற குடும்பம். அந்த வீட்டு ஆயம்மா சுவரோரமாக வந்து ரோசாவின் காதில் என்னவோ சொன்னாள். ரோசா எழுந்தாள். செருப்புப் போடாமல் தெருமுனை வரை நடந்து போனாள்.

பேனர் ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது. கறுப்புக் கரை. 'தலைவர் மறைந்த திருநாளில் தலைவரோடு கலந்தவர்' என்று மேலே. கீழே தேதி, அதற்கும் கீழே கூப்பிய கையோடு லூர்துபிரகாஷின் படம்.

அவள் படிக்கத் தெரிந்தவள். இரண்டு முறை படித்தாள். வீட்டுக்குத் திரும்பி வந்து, பண்டிகைக்கு ஆட்டுக்கறி வெட்ட வைத்திருந்த கத்தியை எடுத்துக்கொண்டு மறுபடி போனாள். செம்மல், "ஆயா, ஆயா" என்று பின்னாலேயே ஓடினான். மூங்கிலில் கட்டியிருந்த கயிறுகளை அறுத்தாள். எட்டாத கயிற்றை விட்டுவிட்டு பேனரையே கிழித்தாள். மிச்சம் ஒரு பக்கமாகத் தொங்கியது.

பிரகாஷ் வாசலில் நின்றிருந்தான். ரோசா அவன் முன்னால் வந்து நின்றாள். சத்தம் போடவில்லை.

"எப்படா அடிச்ச இத?"

"நைனா ஆசைம்மா..."

"அவரு ஆசையா?" என்றாள். "மேடையில ஆயிரம் சொல்லுவாரு. கைதட்டுறாங்கன்னு சொல்லுவாரு. பல்லு புடுங்கப் போனா என் கையப் புடிச்சிக்கிட்டு அழுவுற மனுசன்டா அவரு. ஊசின்னா கண்ண மூடிக்குவாரு. வலி இல்லாம போவணும் ரோசான்னு எங்கிட்ட சொல்லியிருக்காரு. உங்கிட்ட தேதி சொன்னாரா?"



மதிவாணன் வந்தபோது மத்தியானம். சிலைக்கு மாலை போட்ட கையோடு ஐந்தாறு வண்டிகள். முன்னால் இரண்டு பேர் மலர்வளையத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். போட்டோக்காரன் பின்பக்கமாக நடந்து வந்து படம் எடுத்தான். வாசலில் ரோசா நின்றாள்.

"உள்ள மூச்சு ஓடிக்கிட்டு இருக்குது ஐயா" என்றாள். "மலர்வளையம் வெக்க எடமில்ல."

மதிவாணன் கும்பிட்டார். உள்ளே எட்டிப் பார்த்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் முகம் மாறியது. திரும்பி வண்டிக்குப் போய்விட்டார். பிரகாஷ் பின்னாலேயே ஓடினான். மதிவாணன் வண்டிக் கண்ணாடியை இறக்கி, "முடிஞ்சிடும்னு நீதானே சொன்ன?" என்றார். "சரி. சாயங்காலத்துக்குள்ள ஆச்சுன்னா சொல்லு. பேப்பருக்குப் போட்டோ வேணும்." வண்டிகள் போய்விட்டன. மலர்வளையத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் செம்மல் அதைக் கழிவுநீர்க் கால்வாய் மேல் சாய்த்து வைத்தான்.

வெயில் இறங்கியது. மாதா கோயில் மைக்கில் பாட்டுப் போட்டுவிட்டார்கள். தெருவில் பிள்ளைகள் புதுச் சட்டையோடு ஓடினார்கள். ரூபி தன் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வரப் போயிருந்தாள். ரோசா உள்ளே கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் பிரகாஷும் நைனாவும் மட்டும்.

அவன் குனிந்தான். மருந்தும் சளியுமாக ஒரு நாற்றம். நைனாவின் காதில் வாயை வைத்தான். "போயிடு நைனா" என்றான். "இன்னிக்கே போயிடு. இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு. போயிடு." மூச்சு நின்றது. அவனுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, சந்தோஷத்தில். அது சந்தோஷம்தான் என்பது அவனுக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. மூச்சு திரும்பவும் வந்தது. அவன் இன்னும் வேகமாக, "போயிடு, போயிடு" என்றான்.

பின்னால் ரோசா நின்றிருந்தாள். கோபத்தையெல்லாம் தெருமுனையிலேயே விட்டுவிட்டு வந்தவள்போல் களைத்திருந்தாள்.

"என்ன ஜெபம் சொல்ற?" என்றாள். "சத்தமா சொல்லு. நானும் சொல்றேன்."

கட்டிலின் மறுபக்கம் அவள் முழந்தாள் போட்டாள். அவன் வாயைத் திறந்தான். "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று ஆரம்பித்தான். அடுத்த வரி வரவில்லை. சின்ன வயதிலிருந்து சொன்ன ஜெபம். ரோசா அவனுக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு, தானே சொல்லி முடித்தாள். அடுத்ததையும் அவளே ஆரம்பித்தாள்.

கிறிஸ்துதாஸ் இருபத்தைந்தாம் தேதி காலையில் செத்தார். ஊர் பூசை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த நேரம். ரோசா பஞ்சால் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள். பஞ்சை எடுத்துவிட்டு மறுபடி வைத்தபோது, மூச்சு இல்லை என்று தெரிந்தது. அவள் உடனே யாரையும் கூப்பிடவில்லை. அவர் வாயைத் துடைத்து, தாடையைக் கட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் ரூபியைக் கூப்பிட்டாள்.

பண்டிகை வீடுகளிலிருந்து யார் வருவார்கள்? வந்தவர்கள் பிரியாணி வாசனையோடு வந்து சீக்கிரம் போனார்கள். ஐஸ் பெட்டிக்கு ஆள் கிடைக்கவில்லை. அடுத்த நாள் சின்னதாக அடக்கப் பூசை வைத்தார்கள். கட்சியிலிருந்து செம்மலும் இரண்டு பேரும் வந்தார்கள். பெட்டியைத் தூக்க ஆள் போதாமல் ராமலிங்கம் ஒரு முனையைப் பிடித்தார்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது ரூபி அண்ணனிடம் சொன்னாள், "என் புள்ளைங்களுக்கு இனிமே கிறிஸ்துமஸ்னா தாத்தா செத்த நாளு. நான் சொன்ன அன்னிக்குப் போயிருந்தா அது வேற ஏதோ ஒரு நாளா இருந்திருக்கும்." அதற்குப் பிறகு அவள் அவன் வீட்டுக்கு வரவில்லை. மாதம் ஒரு முறை அம்மாவை மட்டும் வந்து கூட்டிக்கொண்டு போவாள், தெருமுனையிலேயே ஆட்டோவை நிறுத்தி.

பதவி அவனுக்குத்தான் கிடைத்தது. எப்படி என்று அவனே முழுசாக அறியமாட்டான். கிழிந்த பேனரின் படம் போனுக்குப் போன் சுற்றியிருந்தது. அதில் தேதி கிழியாமல் இருந்தது. தலைவர் நாளிலேயே போய்ச் சேர்ந்தாராமே என்று ஊரில் பேசினார்கள். அவன் திருத்தவில்லை. அடுத்த வருஷம் சிலை முன்னால் மதிவாணன் அதையே மைக்கில் சொன்னார். கூட்டம் விசிலடித்தது. பிரகாஷ் கைகூப்பி நின்றான். தோளில் போட்ட பொன்னாடை கழுத்தைக் குத்தியது.

வீட்டுக்கு வந்தபோது ரோசா இல்லை. பண்டிகைக்கு ரூபி வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். அந்த வருஷம் அவன் ஸ்டார் கட்டவில்லை.

மறுநாள் காலையில் எழுந்து குளித்துவிட்டுக் கல்லறைக்கு நடந்தான். பண்டிகை நாள், ஆள் நடமாட்டம் இல்லை. நைனாவின் கல்லருகில் ரோசா குந்தி உட்கார்ந்திருந்தாள். கல்லில் இருபத்தைந்து என்று வெட்டச் சொன்னது அவள்தான். ரூபி கொஞ்சம் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

அவன் பக்கத்தில் போய் நின்றான். என்னவோ சொல்ல வேண்டும் என்று வந்தவன். கல் மேல் வைத்த மெழுகுவத்தியை ஏற்ற அம்மா நாலாவது தீக்குச்சியைக் கிழித்துக்கொண்டிருந்தாள். கடல் காற்று விடவில்லை.

"நிக்கிறியே" என்றாள் ரோசா, தலையை நிமிர்த்தாமல். "உக்காந்து கையால மறைச்சிப் புடி. அணைஞ்சி அணைஞ்சி போவுது."

அவன் மண்ணில் உட்கார்ந்து, இரண்டு கையையும் குவித்துத் திரியைச் சுற்றிப் பிடித்தான்.